கால் முளைத்த சவப்பெட்டியைப் பார்த்திருக்கிறீர்களா?

திருமழிசை தெரியும்தானே? பூந்தமல்லியைத் தாண்டி, பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே பஸ் ஊர்ந்து போகும்போது வருமே, அந்த ஊர். 2020 மே மாதம் கொரோனாவுக்குப் பயந்து கோயம்பேடு காய்கறி மார்க்கெட்டே மூட்டை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்ததே, அதே ஊர்தான்! சிட்கோ தொழிற்பேட்டை, ஜெகந்நாதப் பெருமாள் கோயில், ஒத்தாண்டீஸ்வரர் கோயில், கூப்பிடு தூரத்தில் செம்பரம்பாக்கம் ஏரி.

இந்த ஊரில் அவதரித்த திருமழிசை ஆழ்வார் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தார் தெரியுமா? வைணவ மரபுக் கணக்குப்படி 4,700 ஆண்டுகள்! நூறைத் தாண்டினாலே பேப்பரில் படம் போடுகிற நமக்கு இது தலைசுற்றும் எண்.

சரி, பெருமாளைச் சேவித்தாயிற்றா? இனி இடுகாட்டுக்குப் போவோம். பயப்படாதீர்கள், எல்லோரும் இறந்து 2,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது!

1997-ல் மாவட்டம் இரண்டாகப் பிரியும்வரை திருமழிசையும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த மாவட்டம் எதற்குப் பேர் போனது? ஏரிகளுக்கு என்பீர்கள். தொல்லியல்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். "ஈமக்காடுகளுக்கு!" என்பார்கள். பெருங்கற்கால மக்கள் இறந்தவர்களைப் புதைத்து, மேலே கல் குவித்து, சுற்றிலும் பாறைகளை வட்டமாக நட்டு வைத்த இடங்கள் இங்கே குன்றடிக்குக் குன்றடி கிடக்கின்றன. குன்றத்தூர் பக்கம் எருமையூர், மதுராந்தகம் பக்கம் சானூர், செங்கல்பட்டுப் பக்கம் குன்னத்தூர், விமானம் இறங்கும்போது ஜன்னலில் தெரிகிற பல்லாவரம் மலை... பட்டியல் நீளம்!

பல்லாவரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்தியத் தொல்பழங்கால ஆய்வே அங்கேதான் பிறந்தது, தெரியுமா? 1863 மே 30. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்துச் சரளை மண்ணில் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். எறிந்துவிட்டுப் போகாமல் உற்றுப் பார்த்தார். பழைய கற்கால மனிதன் செதுக்கிய கைக்கோடரி! இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அதுதான். மே மாத வெயிலில் பல்லாவரத்தில் நின்று கல் பொறுக்க எத்தனை பொறுமை வேண்டும்!

அவர் அதோடு நிற்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங் என்ற சகாவோடு அத்திரம்பாக்கத்துக்குப் போனார். அது எங்கே? இன்றைய நம் திருவள்ளூர் மாவட்டத்தில், கொசஸ்தலை ஆற்றுப் பள்ளத்தாக்கில்! அங்கே கிடைத்த கைக்கோடரிகளுக்கு இன்று என்ன வயது சொல்கிறார்கள்? சாந்தி பப்பு குழுவினர் 2011-ல் வெளியிட்ட கணக்குப்படி சுமார் 15 லட்சம் ஆண்டுகள்! 4,700 ஆண்டு சின்னதாகிவிட்டது, பார்த்தீர்களா?

ஆனால் இன்றைக்கு நம் நாயகன் கோடரி அல்ல. பெட்டி.

கால் முளைத்த பெட்டி!

1880-களில் அலெக்சாண்டர் ரீ என்பவர் அதே பல்லாவரம் குன்றுப் பகுதியில் தோண்டினார். வந்தது என்ன? சுட்ட களிமண்ணில் செய்த நீள்தொட்டி. அதற்கு மண்ணிலேயே மூடி. அடியில் பார்த்தால், கால்கள்! இரண்டு வரிசையாகக் குட்டிக் குட்டிக் கால்கள்! இதற்குத் தமிழில் ஈமப்பேழை என்று அழகான பெயர் இருக்கிறது. வடதமிழகத்துப் பெருங்கற்கால மக்களுக்கு இதன் மேல் தனி ஆசை. தெற்கே போனால் வயிறு பெருத்த முதுமக்கள் தாழி, இங்கே கால் வைத்த பேழை. அதற்காக இந்தப் பக்கம் தாழியே கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் வடக்கே அமிர்தமங்கலத்தில் 1955-ல் தோண்டியபோது தாழிகள் வந்தன!

மண்ணுக்குள் புதைக்கப்போகிற பெட்டிக்குக் கால் எதற்கு? யார் பார்க்கப் போகிறார்கள்? இங்கேதான் ஊகங்கள் கிளம்புகின்றன. கட்டிலைப் போலச் செய்தார்களா? உள்ளே இருப்பவர் தூங்குகிறார் என்று நினைத்தார்களா? அல்லது அது ஒரு விலங்கா, ஏறிப் போகிற வாகனமா? சிரிக்காதீர்கள்! ஆந்திரத்தின் கடப்பை மாவட்டத்துச் சங்கவரத்தில் கிடைத்த பேழை ஆட்டுக்கடா உருவத்தில் இருக்கிறது. தலை உண்டு, கொம்பு உண்டு, கீழே கால்கள் உண்டு, முதுகில் இறந்தவருக்கு இடம் உண்டு! அதைப் பார்த்த பிறகு பல்லாவரத்துக் கால்களையும் வெறும் முட்டுக்கால் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தப் பேழைகள் எவ்வளவு பழையவை? பல்லாவரத்துப் பேழைக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது 2,000 ஆண்டுகளுக்கு மேல். ஆனால் திருவண்ணாமலை மாவட்டம் கீழ்நமண்டியில் தமிழகத் தொல்லியல் துறை எடுத்த ஈமப்பேழைக்குக் காலக் கணிப்பு என்ன வந்தது தெரியுமா? கி.மு. 1692! அதாவது 3,700 ஆண்டுகளுக்கு முன்! 2025 ஜனவரியில் இது வெளியானபோது, கூடவே இன்னொரு வெடியும் வெடித்தது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில், இரும்பு கிடைத்த தாழிக் குழியின் மாதிரி கி.மு. 3345 என்று வந்திருக்கிறது! உலகத்தின் இரும்புக் கால வரலாற்றையே மாற்றி எழுத வேண்டும் என்று ஒரு சாரார், இன்னும் மாதிரிகள் வேண்டும் என்று இன்னொரு சாரார். சண்டை நடக்கட்டும். சவக்குழியிலிருந்து ஒரு சண்டை கிளம்புகிறதே, அதுவே அதிசயம் இல்லையா!

இப்போது ஒரு கேள்வி. பெட்டியைத் திறந்தால் முழு எலும்புக்கூடு நீட்டி நிமிர்ந்து படுத்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்?

இல்லை! பல குழிகளில் இருப்பது சில எலும்புகள் மட்டும்! ஒரு மண்டை ஓடு, சில கை கால் எலும்புகள், அவ்வளவுதான். சில குழிகளில் ஒருவருக்கு மேற்பட்டவர்களின் எலும்புகள். வேறு சிலவற்றில் பானை இருக்கிறது, இரும்பு இருக்கிறது, எலும்பு மட்டும் இல்லவே இல்லை! ஆளில்லாக் கல்லறை!

எப்படி? உடலை முதலில் வேறெங்கோ வைத்துவிட்டு, சதை போன பிறகு எலும்பைப் பொறுக்கி எடுத்து வந்து புதைத்தார்கள் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அப்படியானால் ஒருவருக்கு இரண்டு சாவுச் சடங்கு! இறந்த அன்று ஒன்று, எலும்பு சேர்த்த அன்று ஒன்று. நம் வீடுகளில் 'சஞ்சயனம்', 'பால் தெளித்தல்', 'எலும்பு பொறுக்குதல்' என்று மறுநாளோ அதற்கடுத்த நாளோ சுடுகாட்டுக்குப் போகிறோமே, நினைவு வருகிறதா?

கர்நாடகத்தின் பிரம்மகிரியில் 1947-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். அங்கே கல்லறைகளோடு கூட, கல்வட்டத்துக்கு நடுவே வெறும் குழிகளும் இருந்தன. உள்ளே எலும்பு இல்லை. அவர் என்ன நினைத்தார்? உடலைச் சதை நீங்கும்வரை கிடத்தி வைத்த இடம் இதுவாகத்தான் இருக்கும் என்று! இடுகாட்டுக்குள்ளேயே ஒரு காத்திருப்பு அறை!

இன்னொரு விசித்திரம், இடுதுளை. கற்பதுக்கை என்பது நான்கு பக்கமும் பலகைக் கல் நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடிய அறை. அந்தப் பலகைகளில் ஒன்றில் மட்டும் வட்டமாக ஓர் ஓட்டை போட்டிருப்பார்கள்! பெரும்பாலும் கிழக்குப் பக்கம். கருங்கல்லில் அப்படி ஓட்டை போடுவது விளையாட்டா? இரும்பு உளியோடு நாள்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டாமா? எதற்கு இந்தச் சிரமம்? ஆவி வந்து போக என்கிறார் ஒருவர். திதிக்குத் திதி படையல் உள்ளே வைக்க என்கிறார் இன்னொருவர். குடும்பத்தில் அடுத்து இறந்தவரின் எலும்பை மூடியைத் தூக்காமலே உள்ளே சேர்க்க என்கிறார் மூன்றாமவர். எனக்கு மூன்றாவது பிடித்திருக்கிறது. கூட்டுக் குடும்பம் குழிக்குள்ளும் தொடர்ந்திருக்கிறது!

படையல் என்றேன் அல்லவா? பழனிக்கு அருகே பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் தோண்டிய கல்லறை ஒன்றில், நான்கு கால் வைத்த ஜாடிக்குள் என்ன இருந்தது? நெல்! சுமார் 2 கிலோ! காலம் கி.மு. 490 என்று வந்தது. இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டாக யாரும் சாப்பிடாத சோறு! சிவகளைத் தாழி ஒன்றில் இருந்த நெல் உமிக்குக் காலம் கி.மு. 1155. இன்றும் நம் ஊரில் கடைசியாக என்ன செய்கிறோம்? வாய்க்கரிசி போடுகிறோம்! நேரடித் தொடர்பு உண்டு என்று யாரும் நிரூபித்துவிடவில்லை. ஆனாலும் உடம்பு சிலிர்க்கிறதா இல்லையா?

ஈரோடு மாவட்டம் கொடுமணலில் ஒரே ஒரு கல்லறையில் கிடைத்த சூதுபவள மணிகள் எத்தனை? 2,220! இன்றைக்கு அட்சய திருதியை கூட்டத்தில் நின்று கிராம் கணக்கில் வாங்குகிற நமக்கு, ஒருவரை வழியனுப்ப இரண்டாயிரம் மணிகளை மண்ணில் போட மனம் வருமா?

ஆதிச்சநல்லூரைச் சொல்லாமல் விட்டால் திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். 114 ஏக்கர் இடுகாடு! 1876-ல் பெர்லினிலிருந்து ஜாகோர் வந்து தோண்டினார். 1899 முதல் நம் பல்லாவரத்து அலெக்சாண்டர் ரீயே அங்கும் போய்த் தோண்டினார். அவருக்குக் கிடைத்தவற்றில் எது அதிசயம்? தங்கப் பட்டங்கள்! நீள்வட்டத் தகடு, இரு முனையிலும் கட்டுவதற்குத் துளை. இறந்தவர் நெற்றியில் கட்டியிருக்கலாம் என்று கருதப்பட்டது. 2004-ல் மீண்டும் தோண்டியபோது 600 சதுர மீட்டர் இடத்தில் மட்டும் 160-க்கும் மேற்பட்ட தாழிகள்! பத்துப் பதினைந்து சென்ட் மனைக்குள் இத்தனை பேர்! நம் புறநகர் அப்பார்ட்மென்டே தோற்றது!

தாழிக்குள் உட்கார்த்தி வைத்த உடலைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? முழங்கால் மடங்கி, தலை குனிந்து... கருவில் இருக்கும் குழந்தை! தாழியின் வயிறும் கர்ப்பிணியின் வயிறு போலத்தான். தாய் வயிற்றிலிருந்து வந்தவரை மண் வயிற்றுக்குள் திருப்பி அனுப்பினார்கள் என்று படிக்கிறவர்கள் உண்டு.

கிராமத்துப் பெரியவர்கள் சொல்லும் கதை இதைவிட அபாரம்! அந்தக் காலத்தில் யாருக்கும் சாவே வராதாம். வயதாக வயதாக உடம்பு சுருங்கிக்கொண்டே போகுமாம். கைக்குழந்தை அளவுக்குச் சுருங்கி, மாடக்குழியில் தூக்கி வைக்கிற அளவுக்கு ஆனதும், ஒரு தாழியில் உட்கார வைத்து, சோறும் தண்ணீரும் விளக்கும் வைத்து மூடிவிடுவார்களாம்! அதனால்தான் அது முதுமக்கள் தாழியாம்! பேச்சுவழக்கில் சில ஊர்களில் 'மதமதக்காத் தாழி' என்கிறார்கள். 4,700 வயது ஆழ்வார் பிறந்த ஊர்க்காரர்களுக்கு இந்தக் கதை ஒன்றும் விசித்திரமாகத் தோன்றாது!

பெயர்களைக் கேளுங்கள் இன்னும்! பாண்டவர் குழி, வாலியர் வீடு, மோரியர் வீடு, குள்ளர் வீடு. கல்திட்டைகள் அத்தனை குட்டையாக இருப்பதால், ஒரு காலத்தில் குள்ளர்கள் கட்டி வாழ்ந்தார்கள் என்று மலையோர மக்களிடம் கதை. 1820-களில் மலபாரில் இந்தக் கற்களைப் பற்றி முதன்முதலில் எழுதிய பாபிங்டன்கூட உள்ளூர்ப் பெயரைத்தான் தலைப்பில் போட்டார்: 'பாண்டு குழி'கள்! கேரளத்தில் இன்னொரு வகைக்குக் குடைக்கல், தொப்பிக்கல் என்று பெயர். குடையும் தொப்பியும் மாதிரியே இருக்கும். மழைக்கு ஒதுங்கலாம் போலத் தோன்றும், கீழே ஆள் இருக்கிறார் என்பது தெரியாதவரை!

புலவர்களும் இந்தத் தாழிகளைக் கண்ணால் பார்த்தவர்கள்தான். புறநானூற்றில் ஒரு பெண், கணவனை இழந்தவள், குயவனிடம் என்ன கேட்கிறாள்? தாழியைக் கொஞ்சம் அகலமாகச் செய், எனக்கும் இடம் வேண்டும் என்று! இதற்கு ஆச்சரியக்குறி போடக் கை வரவில்லை.

இன்னொரு புறப்பாட்டில், சோழன் கிள்ளிவளவன் இறந்ததும் ஐயூர் முடவனார் குயவனைப் பார்த்துத் திகைக்கிறார். இவ்வளவு பெரிய மன்னனுக்குத் தாழி செய்ய உலகத்தையே சக்கரமாகவும் மேரு மலையையே மண்ணாகவும் கொள்ள உன்னால் முடியுமா என்று! மணிமேகலையோ காவிரிப்பூம்பட்டினத்துச் சுடுகாட்டில் நடந்த ஐந்து வகையை வரிசையாகச் சொல்கிறது. எரிப்பது, அப்படியே போட்டுவிடுவது, குழி தோண்டிப் புதைப்பது, தாழ்ந்த அறையில் வைத்து அடைப்பது, தாழியால் கவிப்பது. ஒரே ஊர், ஒரே இடுகாடு, ஐந்து விதம்! யாரும் யாரோடும் சண்டை போட்டதாகத் தெரியவில்லை.

இடுகாடு புதைப்பதற்கு மட்டும்தானா? இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது!

கர்நாடகத்தின் ஹிரேபெனகல் குன்றுக்கு வாருங்கள். சுமார் 400 பெருங்கற்சின்னங்கள் அங்கே நிற்கின்றன. உச்சியில் ஒரு பாறை மேல் அரைக்கோள வடிவக் கல் ஒன்று. அதைத் தட்டினால்? முரசு! ஒரு கிலோமீட்டர் வரை கேட்கும் என்கிறார்கள்! கல்லே பறை! ஊரைக் கூட்டினார்களா, சாவு சொன்னார்களா, ஆவியை எழுப்பினார்களா? அடித்த கை போய்விட்டது, கல் மட்டும் இன்னும் ஒலிக்கிறது.

தெலங்கானாவின் முடுமாலில் ஆளுயரத்தைப் போல இரண்டு மடங்கு உயர நெடுங்கற்கள். கற்களின் வரிசை, ஆண்டின் நீண்ட பகலும் குறைந்த பகலும் வரும் நாட்களின் சூரியனோடு பொருந்துகிறது என்கிறார்கள்! ஒரு கல்லில் குழிக் குழியாகப் பள்ளங்கள். சேர்த்துப் பார்த்தால் என்ன தெரிகிறது? சப்தரிஷி மண்டலம்! அதே கற்களில் ஒன்றை ஊர் மக்கள் எல்லம்மாவாகக் கும்பிடுகிறார்கள். 2025-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் சேர்ந்தாயிற்று. வானநூல், அம்மன், யுனெஸ்கோ, ஒரே கல்லில் மூன்று மாங்காய்!

விழுப்புரம் மாவட்டம் உடையார்நத்தத்தில் விசிறிப்பாறை என்று ஒன்று நிற்கிறது. கல்வட்டத்தில் நட்ட ஒற்றைப் பலகைக் கல். தோளும் கையும் விரித்தாற்போல் மனித உருவம்! முன்னோரா, காவலா, தாய்த் தெய்வமா? திருவண்ணாமலை மாவட்டம் மோட்டூரிலும் இப்படி ஒன்று உண்டு. நடுகல், குலதெய்வக் கல் என்று நாம் இன்றும் கல்லை நட்டுக் கும்பிடுகிறோமே, அந்தப் பழக்கத்துக்கு இதுதான் பாட்டனோ?

வெளிநாட்டுக்கு ஒரு எட்டு. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் இருக்கிறதே, அங்கும் எரித்த எலும்புகள் குழிக் குழியாக இருந்தன. நடுவில் கிடக்கும் 6 டன் பலிபீடக் கல் எங்கிருந்து வந்தது? ஸ்காட்லாந்திலிருந்து! 700 கிலோமீட்டருக்கு மேல்! 2024-ல்தான் கண்டுபிடித்தார்கள். திருமழிசையிலிருந்து கன்னியாகுமரிவரை ஆறு டன் கல்லை, லாரி இல்லாமல், டோல்கேட்டும் இல்லாமல்! லாவோஸில் மனிதரைவிட உயரமான கல் ஜாடிகள் சமவெளி முழுக்க நிற்கின்றன. சுற்றிலும் புதைகுழிகள். கல்லில் செய்த தாழி என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

மறுபடி நம் ஊர்ப்பக்கம். பல்லாவரத்தில் வீடு வைத்திருக்கும் சொந்தக்காரர் யாராவது உங்களுக்கு உண்டா? கேட்டுப் பாருங்கள். பாதுகாக்கப்பட்ட தொல்லிடத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டர் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும் என்பது 2010-ல் இறுகிய மத்தியச் சட்டம். பல்லாவரத்தின் ஈமக்காடும் அந்தப் பாதுகாப்பில் இருப்பதால், தெருத்தெருவாக வீட்டுக்காரர்கள் மாடி எடுக்க முடியாமல் தவித்தார்கள்! 2,000 ஆண்டுக்கு முன் இறந்தவர், இன்றைக்கு மொட்டை மாடியில் ஒரு ரூம் போட விடமாட்டேன் என்கிறார்! அந்தக் கோபமும் நியாயம்தான். பெட்டியின் நியாயமும் நியாயம்தான்.

பெருங்கற்கால மக்கள் இடுகாட்டுக்கு எந்த நிலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கவனித்தீர்களா? குன்றடி, மேட்டு நிலம், சரளை மண். நெல் விளைகிற நிலத்தைச் சாவுக்குக் கொடுக்கவில்லை! விளையாத மேடு என்பதால் 2,000 ஆண்டு தப்பித்தது. இன்றைக்கு அதே மேடுதான் மனை போடுவதற்கு முதலில் விற்கிறது, தண்ணீர் நிற்காதாம்!

கீழடிக்காரர்களின் இடுகாடான கொந்தகைக்கு வருவோம். அங்கே தாழியிலிருந்து எடுத்த மண்டை ஓடுகளை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தார் லிவர்பூலுக்கு அனுப்ப, அங்கே கணினியில் சதையும் தோலும் வைத்து இரண்டு ஆண்களின் முகத்தை எழுப்பிவிட்டார்கள்! 2025-ல் படங்கள் வெளியாயின. பார்த்தீர்களா? பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டு நிற்கலாம், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்!

பல்லாவரத்துப் பேழை இப்போது எங்கே என்கிறீர்களா? எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில்! திருமழிசையில் பஸ் ஏறி, பூந்தமல்லியில் மாறினால் மத்தியானத்துக்குள் போய்ச் சேரலாம். வெள்ளிக்கிழமை போய்விடாதீர்கள், விடுமுறை. பேழைக்கு முன்னால் நின்று பார்த்தால் போதாது. குனியுங்கள், இன்னும் குனியுங்கள், முட்டி போட்டாலும் பரவாயில்லை. கால்கள் எத்தனை என்று எண்ணிவிட்டு வாருங்கள். காவலாளி விநோதமாகப் பார்ப்பார், கண்டுகொள்ளாதீர்கள்!